வண்டியை மறித்த ஹென்றி பெர்க்

நியூயார்க் நகரில் கப்பல் கட்டும் செல்வர் ஒருவரின் மகனாக 1813இல் பிறந்தவர் ஹென்றி பெர்க். ஐம்பது வயது வரை ஐரோப்பாவைச் சுற்றியும், வெற்றி பெறாத நாடகங்களை எழுதியும் பொழுதைப் போக்கினார். 1863இல் அதிபர் லிங்கன் அவரை ரஷ்யாவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திற்குச் செயலாளராக அனுப்பினார். அங்கே ஒருநாள் குதிரையை அடித்துக்கொண்டிருந்த வண்டிக்காரரைத் தடுத்தார். தூதரகச் சீருடையைக் கண்டு அவர் பணிந்தார் என்பர். சீருடை இல்லாத ஒருவர் தடுத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

தாயகம் திரும்பிய பெர்க் 1866 ஏப்ரலில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அதே மாதத்தில் ஒரு சட்டமும் நிறைவேறியது. அதைச் செயற்படுத்தும் அதிகாரம் சங்கத்திற்குக் கிடைத்தது. அன்றைய டிராம் வண்டிகளைக் குதிரைகளே இழுத்தன. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டியைக் கண்டால் பெர்க் நடுத்தெருவில் மறித்துப் பயணிகளை இறக்கிவிடுவார். பத்திரிகைகள் கேலிப்படம் போட்டன. பெரும்பாலும் பிடிபட்டவர்கள் ஏழை ஓட்டுநர்களே. கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டியவரின் பேரனாகிய எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் குதிரைக்கு வாய் இல்லையே!

துடுப்புகளில் துளையிட்டுக் கட்டி, மல்லாத்திப் போட்டு ஆமைகளைக் கப்பலில் கொண்டுவந்த தலைவர் மீது அவர் தொடுத்த வழக்கு தோற்றது. ஆமை விலங்குதானா என்று ஊரே சிரித்தது. விலங்கியல் வகுப்பில் இது ஒரு மதிப்பெண் வினா. நீதிமன்றத்தில் அவ்வளவு எளிதாக இல்லை போலும்.

1867இல் வந்த புதிய சட்டம் உயிருள்ள எந்தப் பிராணிக்கும் பொருந்துவதாக அமைந்தது. அதில் என்னைக் கவர்ந்தது ஒரு பிரிவு. பட்டியில், அதாவது நம்மூர்க் கொண்டித்தொழு போன்ற இடத்தில், அடைபட்ட பிராணி 12 மணி நேரத்திற்கு மேல் தீனியும் தண்ணீரும் இன்றிக் கிடந்தால், எவரும் உள்ளே புகுந்து அவற்றைக் கொடுக்கலாம். புகுந்ததற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. ஆன செலவையும் உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளலாம். இரக்கப்படு என்று சொல்வதோடு நில்லாமல், இரக்கப்பட்டவனுக்குச் சட்டம் காவல் நின்றது!

டென்னசி மாநிலம் 2015இல் இயற்றிய சட்டம் இதே எண்ணத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது. பூட்டிய காருக்குள் தவிக்கும் விலங்கை மீட்க, காவல்துறைக்குத் தெரிவிப்பது முதலிய விதிகளின்படி நடந்து கண்ணாடியை உடைப்பவர் நட்டஈடு தரவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவும் அத்தகைய சட்டம் செய்தது.

காயமுற்ற குதிரைகளுக்கு 1867இலேயே ஆம்புலன்ஸ் வண்டி விட்ட பெர்க், 1888 மார்ச் 12 அன்று, நியூயார்க்கைப் பெரும் பனிப்புயல் மூடிய நாளில் காலமானார்.