நடக்க வைத்த கைகள்: சிஸ்டர் எலிசபெத் கெனி

எமது வயதினருக்குப் போலியோ என்பது ஒரு சொட்டு மருந்தின் பெயர் மட்டுமே. இலங்கையில் 1993ஆம் ஆண்டின் பின்னர் அந்நோய் எவரையும் பீடிக்கவில்லை. ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னர் அதன் பெயரைக் கேட்டாலே பெற்றோர் நடுங்கினர். காய்ச்சலில் படுத்த பிள்ளை எழும்ப முயலும்போது கால் அசையாது. அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர் எலிசபெத் கெனி.

1880 செப்டெம்பர் 20ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் வாரியால்டாவில் பிறந்தார். அவர் தாதியர் பயிற்சியை முறையாகப் பெற்றதற்குப் பதிவு எதுவும் இல்லை. எனினும், குயின்ஸ்லாந்தின் நொபி என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த வீடுகளுக்குச் சென்று நோயாளரைப் பராமரித்தார். 1911இல் கைகால் முடங்கிய பிள்ளைகளைக் கண்டு, சத்திரசிகிச்சை நிபுணர் ஈனியஸ் மக்டொனலுக்குத் தந்தி அனுப்பினார். இளம்பிள்ளைவாதம் என்று தெரிந்தது. அவரது ஆலோசனைப்படி வெந்நீரில் பிழிந்த துணிகளால் ஒத்தடம் கொடுத்தார். முதலாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களை ஏற்றிவந்த கப்பல்களில் பணியாற்றி, 1917இல் 'சிஸ்டர்' என்ற பதவிப் பெயரைப் பெற்றார்.

அக்கால வைத்தியர்கள் போலியோ நோயாளியின் கால்களை மாதக்கணக்கில் அசையாமல் கட்டி வைத்தனர். கெனி அதற்கு நேர்மாறாகச் செய்தார். சூடான கம்பளித் துணிகளை இறுகிய தசைகளின் மேல் சுற்றினார். வலி தணிந்ததும் மூட்டுகளை மெதுவாக அசைத்தார். பின்னர் தசையைத் தானே இயக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தார்.

1938இல் குயின்ஸ்லாந்தின் ஆணைக்குழு அவரது முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1940இல் அமெரிக்கா சென்றார். 1942இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. 1952 நவம்பர் 30ஆம் திகதி காலமானார்.

அவர் தந்த விளக்கங்கள் எல்லாம் சரியானவை அல்ல. போலியோ வைரசு முண்ணாணிலுள்ள இயக்க நரம்புக் கலங்களையே அழிக்கிறது. அழிந்த கலத்தை ஒத்தடம் உயிர்ப்பிக்காது. ஆனால் மிஞ்சிய தசைகளைக் காத்துப் பயிற்றுவிக்கலாம் என்று அவர் காட்டிய வழி இன்றைய இயன் மருத்துவத்தில் நிலைத்துவிட்டது.

இன்று இயன் மருத்துவர்கள் பாரிசவாதம், எலும்பு முறிவு, முதுகுவலி, பிள்ளைகளின் பெருமூளை வாதம் எனப் பலவற்றுக்கும் சிகிச்சை அளிக்கின்றனர். எனது உம்மம்மாவின் வலது கை பாரிசவாதத்தால் விழுந்தபோது, விரல் விரலாக அசைக்கப் பழக்கியவர் ஓர் இயன் மருத்துவரே. சில மாதங்களில் உம்மம்மா தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்துக் குடித்தார். மாத்திரை மட்டும் அதைச் செய்திருக்காது.

உயிரியல் படிக்கும் எம்மிடம் உறவினர் கேட்பது டொக்டராவாயா என்பதை மட்டும்தான். கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன் மருத்துவத்திற்கும் பட்டப்படிப்பு உண்டு. நான் அதையே விரும்புகிறேன். உம்மா சம்மதித்துவிட்டார், வாப்பா இன்னும் யோசிக்கிறார். இக்கட்டுரையை அவரும் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியும். விழுந்தவரை எழுப்பி நடக்க வைப்பதும் மருத்துவம்தான், வாப்பா.