கடல் நத்தைக்குக் கலிங்கம் என்று பெயர் வந்த கதை

சென்ற விடுமுறையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் மாமல்லபுரம் பாறை இடுக்கில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். வழவழவென்று, புள்ளி புள்ளியாக ஏதோ ஒன்று. "கடல் அட்டை" என்று அவசரப்பட்டுப் பதில் போட்டவன் நான்தான். தவறு. கடல் அட்டை வேறு இனம். இது ஓடில்லாத கடல் நத்தை. என் தவற்றைத் திருத்தத் தேடியபோதுதான் சர் வால்டர் எலியட்டைப் பற்றிப் படித்தேன். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் தந்தவர் இவர் அல்ல, அவர் எட்வர்ட் எலியட்.)

1803-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1821-ல் மதராஸ் சிவில் சர்வீசில் சேர்ந்து இங்கே வந்தார். 1824 கித்தூர் கலவரத்தில் கலெக்டர் தாக்கரே கொல்லப்பட, இளைஞரான எலியட் ராணி சென்னம்மாவின் ஆட்களிடம் சில வாரங்கள் கைதியாக இருந்தார். 1845-ல் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டி அவர் எடுத்த சிற்பங்கள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவை எழும்பூரிலேயே இருந்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வடசர்க்கார் கமிஷனராக விசாகப்பட்டினம் பக்கம் இருந்த காலத்தில், வால்டேர் கரையில் கடல் நத்தைகளைச் சேகரித்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்: மட்டமான சாயம் முதல் அலசலிலேயே போவதுபோல, இந்த நத்தையை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டால் நிறமெல்லாம் போய்விடும். உடம்பும் சுருங்கிவிடும். பிறகு எது எந்த நத்தை என்று யார் சொல்வது? கலர் போட்டோ இல்லாத காலம். எனவே உயிரோடு இருக்கும்போதே உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் வரைய வைத்தார் எலியட்.

பாட்டில்களும் படங்களும் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் போயின. அங்கே ஆல்டர், ஹான்காக் என்ற இருவர் அவற்றை வைத்து ஆராய்ந்து, 1864-ல் புதிய இனங்களை அறிவித்தார்கள். இருவரும் இந்தியக் கரையை மிதித்தவர்கள் அல்லர். நிறத்துக்கு அவர்கள் நம்பியது அந்த ஓவியங்களைத்தான்.

அவற்றில் ஒன்றுக்கு அந்தக் கரையின் பழம்பெயரையே சூட்டினார்கள்: கலிங்கா ஆர்னேட்டா. உடம்பில் சிவப்புக் கொப்புளங்கள் கொண்ட அழகு நத்தை. பழந்தமிழில் கலிங்கம் என்றால் துணி என்றும் பொருள். ஆரணியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்னொன்று பிளாட்டிடோரிஸ் எலியட்டி, சேகரித்தவர் பெயரில். தூரிகை பிடித்தவர்கள் பெயரில் எதுவும் இல்லை. பட்டுச் சேலையில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது, அதே கணக்குதான்.

நம் ஜவ்வாது மலையையும் சேர்த்த கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் மூங்கில் அணத்தானின் அறிவியல் பெயரிலும் எலியட் இருக்கிறார்: அனத்தானா எலியட்டி. முதல் பாதி நம் தமிழ்.

1860-ல் ஊர் திரும்பினார். முதுமையில் பார்வை போயிற்று. அந்த நிலையிலும் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலை முடித்து 1886-ல் வெளியிட்டார். 1887 மார்ச் 1 காலை, ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்துத் தானே கையொப்பமிட்டார். போப்பின் திருக்குறள் பதிப்பு பற்றிய செய்தியைப் படிக்கக் கேட்டு மகிழ்ந்ததாகவும், தம்மிடமிருந்த எல்லிஸ் துரையின் பழைய பிரதிகள் அவருக்கு உதவினவா என்று விசாரித்தும் எழுதிய கடிதம் அது. அன்று மாலை காலமானார்.