கே. ஆர். ராமநாதன்

கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் (பெப்ரவரி 28, 1893 – டிசம்பர் 31, 1984) இந்திய இயற்பியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். வெப்ப மண்டலத்தின் மேல் வளிமண்டல வெப்பநிலை, ஓசோன் ஆகியவை குறித்த ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் இவரே.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கிய பாலக்காட்டின் கல்பாத்தியில் ராமநாதன் பிறந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1914 இல் திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியில் சேர்ந்தார். அங்கிருந்த வானாய்வகத்தின் பொறுப்பையும் கவனித்தமையால் வானிலை அளவீடுகளில் இவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது.

இராமனுடன் ஆய்வு

1921 இல் கொல்கத்தா சென்று ச. வெ. இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். நீர்மங்களில் எக்சு கதிர்களின் விளிம்பு விளைவு பற்றி இருவரும் சேர்ந்து ஆய்வு செய்தனர். 1922 இன் இறுதியில் இரங்கூனில் விரிவுரையாளர் ஆனபின்னும் விடுமுறைகளில் கொல்கத்தாவில் ஆய்வைத் தொடர்ந்தார்.

1923 இல் நீர்மங்களில் சிதறும் ஒளியை வடிகட்டிகள் கொண்டு ஆராய்ந்தபோது, எதிர்பாராத நிறத்தில் மங்கலான ஒளி தென்படுவதைக் கண்டார். நீர்மத்தில் உள்ள மாசினால் உண்டாகும் ஒளிர்வே இது எனக் கருதப்பட்டது. மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அவ்வொளி மறையவில்லை. அதன் உண்மைக் காரணம் 1928 இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் மேற்கொண்ட சோதனைகளில் வெளிப்பட்டு, இராமன் விளைவு என்று பெயர் பெற்றது. ராமநாதன் அப்போது வேறு துறைக்குச் சென்றுவிட்டிருந்தார். எனினும் அவரது 1923 ஆம் ஆண்டு நோக்கலை இராமன் தம் நோபல் பரிசு உரையில் குறிப்பிட்டார்.

அடுக்கு மண்டல ஆய்வு

1925 இல் ராமநாதன் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அக்காலத்தில் ஆக்ராவிலிருந்து பதிவுக் கருவிகளுடன் பலூன்கள் மேலே அனுப்பப்பட்டன. பலூன் வெடித்ததும் கருவி எங்கோ ஓரிடத்தில் விழும். அதைக் கண்டெடுத்துத் திருப்பி அனுப்புவோருக்குச் சன்மானம் வழங்கப்பட்டது. இவ்வாறு கிடைத்த பதிவுகளையும் பிற நாடுகளின் அளவீடுகளையும் ஒப்பிட்டு, 1929 இல் வட அரைக்கோளத்தின் மேல் வளிமண்டல வெப்பநிலைப் பரவலை வெளியிட்டார். நிலநடுக்கோட்டின் மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 185 கெல்வின் வெப்பநிலை கொண்ட கடுங்குளிர்ப் பகுதி உள்ளது என அது காட்டியது. தரையில் வெப்பம் மிகுந்த பகுதிக்கு நேர் மேலே இத்தகைய குளிர் நிலவுவது, அடுக்கு மண்டலம் எங்கும் ஒரே தன்மையுடையதன்று என்பதைத் தெளிவாக்கியது.

ஓசோன் ஆய்வு

1948 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். விக்கிரம் சாராபாய் 1947 இல் நிறுவிய இக்கூடத்தை 1960களின் நடுப்பகுதி வரை வழிநடத்தினார். டாப்சன் நிறமாலை ஒளிமானி கொண்டு ஓசோனை அளப்பதும், உயரத்திற்கேற்ப அதன் பரவலைக் கணக்கிடுவதும் இவரது முதன்மைப் பணிகளாக இருந்தன. வெப்ப மண்டல ஓசோன் அளவு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1963 இல் எடுத்துக்காட்டினார்.

துருவச் சுழலுடன் தொடர்பு

நிலநடுக்கோட்டு அடுக்கு மண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மாறி மாறி வீசும். ஒரு முழுச் சுழற்சிக்குச் சராசரியாக 28 மாதங்கள் ஆகும். ஓசோனின் ஈராண்டு மாற்றம் இதனுடன் இணைந்தது.

குளிர்காலத்தில் சூரிய ஒளி படாத துருவப் பகுதியின் அடுக்கு மண்டலம் மிகவும் குளிர்ந்து, அதைச் சுற்றி வலிய மேலைக் காற்று சுழல்கிறது. இதுவே துருவச் சுழல் ஆகும். மலைத்தொடர்களும் நிலம்–கடல் வெப்ப வேறுபாடும் உண்டாக்கும் பேரலைகள் மேலெழுந்து அங்கு முறிவதால் சுழல் வலுவிழக்கும். சில ஆண்டுகளில் அது குலைந்து, சில நாட்களிலேயே வெப்பநிலை பல பத்து பாகை உயரும். இத்திடீர் வெப்பமாதலை 1952 இல் பெர்லினில் ரிச்சர்டு செர்காக் கண்டறிந்தார். நிலநடுக்கோட்டுக் காற்று கீழைக் காற்றாக இருக்கும் ஆண்டுகளில் வடதுருவச் சுழல் பொதுவாக வலுக்குன்றியிருப்பதை 1980 இல் ஹோல்டனும் டானும் காட்டினர். ஆகவே துருவக் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள வெப்ப மண்டல அளவீடுகளும் தேவைப்படுகின்றன.

பொறுப்புகளும் விருதுகளும்

1954 முதல் 1957 வரை பன்னாட்டு நிலவியல் அளவை, புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவராகவும், 1960களில் பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். பத்ம பூசண் (1965), பத்ம விபூசண் (1976) விருதுகளையும், உலக வானிலையியல் அமைப்பு வழங்கும் பன்னாட்டு வானிலையியல் பரிசையும் பெற்றார்.

மறைவு

முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்த ராமநாதன் 1984 டிசம்பர் 31 அன்று காலமானார். தென்துருவச் சுழலுக்குள் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1985 மே மாதத்தில் வெளியிட்டனர். அவர்களின் சான்று, ராமநாதன் இந்தியாவில் பயன்படுத்திய டாப்சன் கருவி வகையினால் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்ட அளவீடுகளே ஆகும்.