பண்டிதர் நைன் சிங்

இமயத்தை அறியாத தமிழர் இலர். கண்ணாற் காணாதவரும் காதாற் கேட்டே அதனை அறிந்துளர். கரிகாற் பெருவளத்தான் அம்மலையிற் புலி பொறித்தான் என்றும், சேரன் செங்குட்டுவன் கண்ணகியின் படிமத்திற்கு ஆங்கிருந்து கல் கொணர்ந்தான் என்றும் நம் இலக்கியங்கள் கூறும். அவ்வேந்தர் படையொடு சென்றனர். தம் பெயரும் பொறியும் நிலைபெறுதல் வேண்டிச் சென்றனர். யாம் ஈண்டு வரையப் புகுந்ததோ, அம்மலைகளைப் படையின்றிக் கடந்து, தம் பெயரையும் தொழிலையும் மறைத்து, எடுத்துவைத்த அடிகளை எண்ணிக்கொண்டே நடந்த ஒரு பள்ளியாசிரியரின் வரலாறாகும். அவர் பண்டிதர் நைன் சிங் ராவத் என்பார்.

இமயச் சாரலிற் பிறந்த அவருக்கும் நம் புறநகர்க்கும் தொடர்பு யாது என வினவுதல் கூடும். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி முதலிய நம் ஊர்கள் ஏரியும் வயலுமாய்ப் பரந்து கிடந்த சமநிலத்தில் எழுந்தவை. இங்குள்ளார்க்கு மலை எனச் சுட்டிக் காட்டத்தக்கது, பூந்தமல்லியினின்று போரூர் வழியே சென்றால் எதிர்ப்படும் பரங்கிமலை ஒன்றே. அதன் உயரம் ஏறக்குறைய 300 அடி. ஆயினும், பின்னாளில் இமயத்தை எட்டிய பேரளவை அச்சிறு குன்றின் அருகேதான் தொடங்கிற்று. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்தினின்று தெற்கே பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடொன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளுமாதலின், சங்கிலியைப் பெட்டிகளுள் வைத்து நிழல் செய்து, வெப்பநிலையையும் உடன் குறித்தனர். ஏழரை மைலுக்கு ஐம்பத்தேழு நாள் சென்றன! அக்கோட்டையே அடியாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாய் வளர்ந்த அவ்வளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் என்பார் காலத்தில், 1841-இல் இமயத்தின் அடிவாரமாகிய டேராடூனை எய்திற்று.

அதற்கப்பால் சங்கிலி செல்லவில்லை. பனிச்சிகரங்களின் உயரத்தைத் தொலைவிலிருந்தே கோணக் கருவியால் கணித்தல் இயலும். சிகரங்கட்குப் பின்னே யாறு எவ்வழி ஓடுகின்றது, ஊர் எங்குளது என்பதை அங்ஙனம் அறிதல் இயலாது. திபெத்து தேசமோ ஐரோப்பியர்க்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. அந்நிலையில், அளவை இலாகாவைச் சார்ந்த மாண்ட்கோமரி என்னும் அதிகாரி ஒரு வழி கண்டார். மலைநாட்டு மக்களுட் சிலர் வாணிகத்தின் பொருட்டுத் திபெத்துக்குப் போய் வந்தனர். அன்னாருட் தக்காரைத் தெரிந்து, அளவைத் தொழில் பயிற்றி அனுப்புவதென்பதே அது. அங்ஙனம் தெரியப்பட்டவருள் தலைமை பெற்றவர் நைன் சிங்.

அவர் 1830-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், குமாவோன் மலைநாட்டின் ஜோகார் பள்ளத்தாக்கிலுள்ள மிலாம் என்னும் ஊரிற் பிறந்தார். கடல்மட்டத்திற்குமேல் பதினோராயிரம் அடிக்கும் உயர்ந்து, பனியாற்றின் அருகே அமைந்தது அவ்வூர். குளிர் தொடங்குமுன் மக்கள் கீழிறங்கிவிடுவர். பனி உருகியபின் மீள்வர். தானியமும் சர்க்கரையும் ஆடுகளின் முதுகிற் பொதியாக ஏற்றிக் கணவாய் கடந்து திபெத்திற்குக் கொண்டுசென்று, உப்பும் வெண்காரமும் கம்பளி மயிரும் கொணர்தல் அவர்தம் குலத்தொழிலாயிருந்தது. எனவே திபெத்து மொழியும் வழக்கமும் நைன் சிங்குக்கு இளமையிலேயே கைவந்தன. 1855 முதல் 1857 வரை ஷ்லாகின்ட்வைட் என்னும் ஜெர்மானியச் சகோதரருடன் மானசரோவரத்திற்கும் லடாக்கிற்கும் சென்று கருவிகளைக் கையாளக் கற்றார். பின்னர்த் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராயினார். பண்டிதர் என்னும் பட்டம் அத்தொழிலால் வந்ததேயாகும்.

1863-இல் அவரும் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு அழைக்கப்பெற்றனர். ஆங்கு ஈராண்டு பெற்ற பயிற்சி வியப்பிற்குரியது. மேடாயினும் பள்ளமாயினும் அடியின் அளவு மாறாது நடத்தல் வேண்டும். ஏறக்குறைய 2,000 அடிகள் கொண்டது ஒரு மைல். எண்ணிக்கை தவறாமைக்கு ஒரு ஜெபமாலை கொடுக்கப்பட்டது. அத்தகைய மாலையில் 108 மணிகள் இருத்தல் வழக்கம். இதிலோ 100 மணிகளே கோக்கப்பட்டிருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒருமுறை சுற்றுதற்குள் பதினாயிரம் அடி நடந்து முடியும். பௌத்தர் கையிற் சுழற்றும் ஜெபச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்கு மாறாக வெற்றுத் தாட்சுருள் வைக்கப்பட்டது. அன்றன்று கண்ட திசையும் தொலைவும் அதனுட் குறிக்கப்படும். கோணமானி பெட்டியின் கள்ள அறையில் ஒளிந்திருந்தது. பாதரசம் சோழிகளுள் அடைக்கப்பட்டிருந்தது. இரவில் அதனைக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் தோன்றும் விண்மீனின் நிழலைக் கொண்டு அவ்விடத்தின் அட்சரேகையைக் கணிப்பர். நீர் கொதிக்கும் வெப்பநிலை கொண்டு உயரம் அறிவர். ஏறக்குறைய 500 அடி ஏறுந்தோறும் அது பாரன்ஹீட் கணக்கில் ஒரு பாகை குறையுமன்றோ?

1865-இன் தொடக்கத்தில் இருவரும் டேராடூனை விட்டு நேபாளம் சென்றனர். கிரோங் என்னும் எல்லையூரில் அதிகாரிகள் ஐயுற்றுத் திருப்பி அனுப்பினர். மணி சிங் வேறு வழியிற் சென்று மீண்டார். நைன் சிங் தளரவில்லை. லடாக்கு வணிகரைப்போல் உடையும் சடையும் மாற்றிக்கொண்டு மறுமுறை முயன்றார். லாசாவுக்குச் செல்லேன் எனக் கிரோங் அதிகாரிக்கு உறுதி கூறிய பின்னரே அவர்க்கு வழி திறந்தது. அவ்வுறுதியை அவர் காக்கவில்லை. லடாக்கு வணிகர் கூட்டமொன்றுடன் சேர்ந்து, ஸாங்போ ஆற்றின் நெடுவழியே கிழக்கு நோக்கி நடந்தார். வழித்துணைவர் பேச்சுக் கொடுப்பின் எண்ணிக்கை தவறுமே என்னும் அச்சத்திற்கு மருந்தாயிற்று அவர் கையிலிருந்த சக்கரம். ஜெபிப்பவனை இடையிற் குறுக்கிடுதல் தகாது என்பது அந்நாட்டார் கொள்கை. எவரேனும் அணுகினால் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்குவார்; அவரும் பணிந்து விலகுவர்.

அக்டோபர் இறுதியில் ஷிகாட்ஸே நகரை அடைந்தார். வணிகர் யாவரும் ஆங்குள்ள மடத்தில் பஞ்சன் லாமாவை வணங்குதல் மரபு. அவர் மனிதர் உள்ளத்தை ஊடுருவிக் காணவல்லவர் என மக்கள் நம்பினர். தம் கரவு வெளிப்படுமோ என நைன் சிங் நடுங்கினார். அரியணையில் இருந்தவரோ பதினொரு வயதுச் சிறுவர்! அரசன் நலமும், நாட்டு நலமும், வந்தவரின் உடல் நலமும் ஆகிய மூன்றனையே அவர் வினாவினார். நைன் சிங் விடைபெற்று மீண்டு, கியாண்ட்ஸே வழியாகவும் யாம்ட்ரோக் ஏரியின் கரையாகவும் நடந்து, 1866-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் லாசாவை அடைந்தார்.

ஆங்கு மூன்று திங்களுக்குமேல் தங்கினார். கையிருந்த பொருள் செலவாயிற்று. வணிகர்க்குக் கணக்கு முறை கற்பித்து உண்டி தேடினார். ஆசிரியத் தொழில் ஆண்டும் அவரைக் கைவிடவில்லை. இரவில் விடுதியின் சாளரத்தினின்று விண்மீன்களை நோக்கி அந்நகரின் அட்சரேகையைக் கணித்தார். நீரைக் காய்ச்சி உயரத்தையும் கண்டார். ஒருநாள், இசைவின்றி நகருட் புகுந்த சீனன் ஒருவன் பலர் காணத் தலை துணிக்கப்பட்டதைக் கண்டார். கிரோங் அதிகாரியையும் ஒருநாள் தெருவிற் கண்டு, உடனே உறைவிடம் மாற்றினார். காஷ்மீரக் குடியினராகிய முகம்மதிய வணிகர் இருவர் அவருடைய வேடத்தை அறிந்துகொண்டனர். அவர்களிடம் உண்மையை ஒப்புக்கொள்ளுதலன்றி அவர்க்கு வேறு வழியில்லை. காட்டிக் கொடுத்திருப்பின் அவ்விருவர்க்குப் பரிசும், இவர்க்கு மரணமும் கிடைத்திருத்தல் கூடும். அவர்களோ மறையை இறுதிவரை காத்ததோடு, அவருடைய கடிகாரத்தை ஈடாகக் கொண்டு கடனும் கொடுத்தனர். எரிகோவில் ஒற்றரைத் தன் வீட்டு மேன்மாடத்தில் மறைத்த ராகாபை இவ்விடத்து நினையாதிருத்தல் எம்மால் இயலவில்லை.

ஏப்ரல் 21-இல் லாசாவை விட்டு, ஸாங்போவின் வழியே மானசரோவரம் வரை மீண்டும் எண்ணி நடந்து, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் டேராடூன் சேர்ந்தார். அவர் அடியளந்த தொலைவு ஏறக்குறைய 1,200 மைல். எண்ணிய அடிகள் ஏறக்குறைய 25 இலட்சம். லாசா எங்குளது என்பதை உலகம் திருத்தமாக அறிந்தது அம்மணிமாலையினாலேயாம்.

1867-இல் மேற்றிபெத்திலுள்ள தோக் ஜாலுங் பொற்சுரங்கங்கட்குச் சென்றார். பதினாறாயிரம் அடி உயரத்தில், காற்றின் கொடுமைக்கு அஞ்சிக் குழி தோண்டி, அதனுட் கவரி மயிர்க் கூடாரம் அமைத்து வாழும் தொழிலாளர், பாடிக்கொண்டே பொன் அகழ்வதை அவர் கண்டார். 1874-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லே நகரினின்று புறப்பட்டு, ஆடுகளின் முதுகிற் பொதியேற்றி, அதுவரை நிலப்படத்தில் இடம்பெறாத பல ஏரிகளின் வழியே வடதிசைப் பெருவெளியைக் கடந்து மறுமுறையும் லாசா சேர்ந்தார். தம்மை அறிந்த வணிகன் ஒருவனை எதிர்ப்பட்டமையால் இரு நாளில் அந்நகரை விட்டகன்று, தவாங்கில் பல வாரங்கள் தடுத்துவைக்கப்பட்டு, 1875 மார்ச்சில் அஸ்ஸாமை எய்தினார். அம்மூன்றாம் பயணத்தோடு அவர் உடல்நலமும் கண்பார்வையும் தளர்ந்தன. பின்னர் இளையோர்க்குத் தம் கலையைக் கற்பித்தார். 1877-இல் லண்டன் அரச பூகோள சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்களித்தது. நம் நாட்டு அஞ்சல் துறை 2004-இல் அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

இதுகாறும் கூறியன புகழுக்குரியன. இனி, மறையாது ஆராய்தற்குரியதொன்றுளது. நைன் சிங் செய்தது ஒற்றுத் தொழில். பிறர் தொழுகைக்குரிய பொருளைத் தம் கரவுக்குப் போர்வையாக்கினார். கொடுத்த உறுதியையும் மீறினார். வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆண்டுத் துறவு வேடத்தையும் உடன்பட்டார். கூடாவொழுக்கத்திற்கும் ஓர் அதிகாரம் வகுத்து, ஆண்டு அவ்வேடத்தையே கடிந்தார். இவருக்குரியது எவ்வதிகாரம்? தம் நலத்திற்காகத் தவவேடம் பூண்டவர் இவரல்லர். ஆதலின் கூடாவொழுக்கம் முற்றும் பொருந்தாது. ஒற்றாடலோ அரசனை நோக்கிக் கூறப்பட்டது. அனுப்பியவனே அதன் நன்மை தீமைகளைச் சுமத்தல் வேண்டும். நைன் சிங்கை அனுப்பியதோ, இந்நாட்டையே தன் கீழ் அடக்கியிருந்த அயலார் ஆட்சி. கியாண்ட்ஸேயினின்று லாசாவுக்கு அவர் எண்ணி நடந்த வழியிலேயே, 1904-இல் யங்ஹஸ்பண்ட் தலைமையில் ஆங்கிலப் படை சென்றது. லாசாவை அடையுமுன் அப்படை நூற்றுக்கணக்கான திபெத்தியரைக் கொன்றிருந்தது. நிலப்படம் வரைந்தவன் அதனைக் கையிற் கொள்பவனைத் தெரிந்தெடுத்தல் இயலாது. அறிவு தேடுவோர் யாவரும் அஞ்சவேண்டுவது இஃதென்க.

மற்றொன்றும் எம் உள்ளத்தை உறுத்துகின்றது. அவர்க்கு அரணாய் நின்றது கள்ளப் பெட்டியன்று. ஜெபிப்பவனுக்கு இடையூறு செய்யலாகாதென்னும் அந்நாட்டாரின் நற்பண்பே. அப்பண்பு இல்லையாயின் அவர் கணக்கு முதல் வாரத்திலேயே குலைந்திருக்கும். உலகம் பெற்ற திபெத்து நிலப்படத்தில் பாதி அவர் கால் வரைந்தது. மறுபாதி, அவரை ஐயுறாது வணங்கி விலகிய வழிப்போக்கரும், காட்டிக் கொடாத வணிகர் இருவரும் தந்த கொடை. பதக்கங்கள் ஒருவர்க்கே கிடைத்தன.

எனினும் இத்துணைக் கரவினிடையே அவர் ஒருபோதும் பொய்யாக்காத பொருள் ஒன்றுண்டு. அஃது அவர்தம் கணக்கு. உடனிருந்து நோக்குவார் எவருமில்லை. பனியிற் கால் மரத்த நாளில் நூறடிக்குப் பதில் எண்பதடியில் ஒரு மணி தள்ளியிருந்தாலும், டேராடூனிலிருந்தோர் உடனே கண்டறிதல் அரிது. அவர் தள்ளவில்லை. பரங்கிமலை அடியில் சங்கிலி பிடித்தோரைப் பல கண்கள் பார்த்திருந்தன. அவரையோ எவரும் பார்க்கவில்லை. மாணவ நண்பர்காள்! பார்ப்பாரில்லாத இடத்தில் நாம் எண்ணும் எண்ணே நம் கல்வியின் அளவு. அவர் வேடத்தை விடுத்து, அவ்வெண்ணிக்கையை மேற்கொள்வோமாக.