நாகூர் வழிவந்த முன்ஷி அப்துல்லாஹ்

கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் முன்ஷி அப்துல்லாஹ் பெயரில் சாலைகள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் அவரைப் பற்றிப் படிக்கிறார்கள். அரபு வழி வந்தவர் என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் யமனிலிருந்து வந்த அவருடைய முப்பாட்டனார் நாகூரில் தங்கி ஓதிக்கொடுத்து, அங்கேயே மணமுடித்தவர். மகன் முகம்மது இப்ராஹீம் கடல் கடந்து மலாக்காவுக்கு வந்து, ஷேக் மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை நிக்காஹ் செய்தார். அவர்களுடைய மகன் அப்துல் காதிர்தான் நம் முன்ஷியின் தகப்பனார்.

1796-ல் கம்போங் பாலியில் அப்துல்லாஹ் பிறந்தார். முன்பு பிறந்த நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்த வீடு அது. குர்ஆன் ஓதி முடித்ததும் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் தமிழ் வேண்டியிருந்ததால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அந்நாளைய மலாக்காவின் வழக்கம். தகப்பனார் கண்டிப்பானவர். பிரம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வீடு என்று தெரிகிறது.

அப்துல்லாஹ் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1795-ல், மலாக்கா கைமாறியிருந்தது. ஐரோப்பாவில் ஹாலந்து பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. அதைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் டச்சுக்காரர்களின் மலாக்காவை எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் வந்து தங்கினார்கள். அவர்களில் முஸ்லிம்கள் பலர். பதினொரு வயதுச் சிறுவன் அப்துல்லாஹ் குர்ஆன் பிரதிகளைக் கையால் எழுதி அவர்களுக்கு விற்றான். அவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தான். அவர்களிடம் ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டான். ஆசிரியர் என்ற பொருளில் முன்ஷி என்று முதலில் அழைத்தவர்களும் அந்தச் சிப்பாய்கள்தாம். எங்கோ நடந்த போர் ஒரு மலாக்காப் பையனுக்குத் தொழிலையும் பட்டத்தையும் கொடுத்தது.

அதே போர் அவன் ஊரை உடைக்கவும் செய்தது. மலாக்காவைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் பலமான கோட்டை எதிரிக்குப் போய்விடும் என்று ஆங்கிலேயர் எண்ணி, 1807-ல் அதை இடித்தார்கள். கோட்டையில் ஜின்னும் சைத்தானும் குடியிருப்பதாக நம்பிய மக்கள் வேலைக்கு வர அஞ்சினார்கள். கடப்பாரைக்கு அசையாத மதில்களுக்கு வெடிமருந்து வைத்தார்கள். பெரும் பாறைகள் பறந்து கடலில் விழுந்ததை அப்துல்லாஹ் பிற்காலத்தில் நேரில் காண்பதுபோல் எழுதினார். கோட்டையோடு ஊரின் அழகே போய்விட்டதென்பது அவருடைய வருத்தம். நாம் இன்று மலாக்காவுக்குப் போனால் பார்க்கிற வாசல் ஒன்றுதான் மிச்சம்.

1811-ல் ஜாவா மீது படையெடுக்க கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவின் கப்பல்கள் மலாக்காவில் வந்து கூடின. ராஃபிள்ஸ் அப்போது அங்கே இருந்தார். அவருடைய அலுவலகத்தில் பிரதி எடுக்கும் எழுத்தர்களில் அப்துல்லாஹ்வும் ஒருவர், வயதில் இளையவர். மலாய்க் கையெழுத்துச் சுவடிகள் பல இடங்களிலிருந்து வந்து குவிந்தன. காசுக்காகப் பலர் வீட்டிலிருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராஃபிள்ஸ் திரட்டியவை 1824-ல் ஊர் திரும்பும்போது பெங்கூலன் அருகே கப்பலோடு எரிந்து போயின. மூலமும் இல்லை, பிரதியும் இல்லை என்று அப்துல்லாஹ் மனம் நொந்தார். ராஃபிள்ஸ் மீது அவருக்கிருந்த பாசம் பெரிது. இந்த இழப்பின் துயரமும் அதற்குக் குறைந்ததல்ல.

பின்பு கிறிஸ்தவப் பாதிரிமார் மலாக்காவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு மலாய் கற்பித்தார், ஆங்கிலம் கற்றார், அச்சுத் தொழிலையும் பழகினார். வேதப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பிலும் உதவினார். ஊரார் பொறுக்கவில்லை. பாதிரி அப்துல்லாஹ் என்று பழித்தார்கள். தகப்பனாரும் முதலில் ஆங்கிலப் படிப்பைத் தடுத்தவர்தான். இவரோ கடைசிவரை தொழுகையும் தீனுமாகவே வாழ்ந்தார். பிழைப்பையும் ஈமானையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்றே நாம் அவரை மதிப்பிடுகிறோம்.

சிங்கப்பூர் உருவான முதல் சில ஆண்டுகளிலேயே அங்கு போய்ச் சேர்ந்தார். அடிமைகளைக் கப்பலில் கொண்டுவந்து விற்பதை அங்கே கண்டார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஆடு மாடுபோல் விலை பேசப்பட்டார்கள். அதை ராஃபிள்ஸிடம் போய்ச் சொன்னதோடு, எழுதியும் வைத்தார்.

1838-ல் சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் கிளந்தானில் மாட்டிக்கொண்டன. அங்கே அரச குடும்பத்தாருக்குள் பதவிப் போர். கடிதங்களைக் கொண்டு போகும் வேலை அப்துல்லாஹ்வுக்கு வந்தது. பகாங், திரெங்கானு வழியாகப் படகுப் பயணம். அவருடைய வாழ்வில் நாம் மிகவும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே. எவ்வளவு செழிப்பான மண், எவ்வளவு வறிய மக்கள் என்று கண்டு, காரணத்தைத் தேடினார். நல்ல வீடு கட்டினால் ராஜாவின் ஆட்கள் பிடுங்கிக்கொள்வார்கள். நாலு மரம் கூடுதலாக வைத்தாலும் அதே கதை. கூலியில்லாமல் கட்டாய வேலை வேறு. ஆகவே உழைத்துச் சேர்க்க மக்களுக்கு மனமில்லை. சோம்பல் என்று பிறர் சொன்னதன் அடியில் அநீதி இருப்பதை அவர் கண்டார். அரசர்களைப் புகழ்வதற்கே மலாய் எழுத்து பெரும்பாலும் பயன்பட்ட காலம் அது. அப்போது ஓர் எழுத்தர் ராஜாக்களின் பெயரைச் சொல்லிக் குறை எழுதினார். அந்தப் பயணக் கதை அவ்வாண்டே சிங்கப்பூரில் அச்சானது.

இதற்காக அவரை ஆங்கிலேயரின் ஆள் என்று பிற்காலத்து மலாய் அறிஞர்கள் சிலர் கண்டித்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜாக்களின் கொடுமையைப் பார்த்த அளவு கூர்மையாகக் கம்பெனியின் கணக்கை அவர் பார்க்கவில்லை. யாரிடம் சம்பளம் வாங்கினாரோ அவர்களிடம் இளகியே எழுதினார். ஆனால் கிளந்தான் குடியானவரின் பயத்தை அவர் கற்பனை செய்யவில்லை.

தாய்மொழியைக் கற்பிக்கப் பள்ளி இல்லையே என்ற ஆதங்கம் அவருக்கு நெடுநாள் இருந்தது. மலாய் மக்களின் பழைய வரலாற்று நூலான செஜாரா மெலாயுவை அச்சேற்றினார். 1835-ல் ஒரு தமிழ் நண்பரின் துணையோடு தமிழ்ப் பஞ்சதந்திரக் கதைகளை மலாய்க்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் கற்ற தமிழ் அங்கே கைகொடுத்தது. சிங்கப்பூரில் 1830-ல் நடந்த பெருந்தீயைப் பாட்டாகவும் பாடினார்.

வீட்டில் துயரம் விடவில்லை. எட்டு வயது மகள் சித்தி லைலா இறந்தாள். மனைவியின் ஆறுதலுக்காகவே ஒரு சிறுநூல் எழுதினார். 1840-ல் அந்த மனைவியும் பிரசவத்தில் வபாத்தானார். அதன்பின் மலாக்கா வீட்டில் தங்க மனமின்றி சிங்கப்பூருக்கே போய்விட்டார். தன் வாழ்க்கையை எழுதும்படி அமெரிக்க மிஷன் நண்பர் ஒருவர் தூண்டினார். 1843-ல் எழுதி முடித்த ஹிகாயத் அப்துல்லாஹ் 1849-ல் அச்சாகி வெளிவந்தது. ராஜாவும் தேவதைகளும் நிறைந்த கதைகளுக்கு நடுவே, கோட்டை இடித்த கூலியாட்களும் சிப்பாய்களும் அடிமைகளும் நடமாடும் நூல் அது.

எழுதும் கையாகவே வாழ்ந்தவருக்கு ஹஜ் ஆசை கடைசியில் நிறைவேறும்போல் இருந்தது. 1854-ல் சிங்கப்பூரில் கப்பலேறினார். வழியெல்லாம் கண்டதை எழுதிக்கொண்டே போனார். குமரிமுனையைக் கடந்தது கப்பல். மலபார்த் துறைகளைத் தொட்டது. செங்கடல் வழியாக ஜித்தாவை அடைந்தது. அதே ஆண்டில் அந்தப் புனித பூமியிலேயே இறையடி சேர்ந்தார். பயணக் குறிப்பு பாதியில் நின்றது. அவருடைய மகன் முகம்மது இப்ராஹீம் பின்னாளில் ஜொகூர் அரசின் பணியில் சேர்ந்து, தந்தையைப் போலவே தன் பயணங்களை எழுதினார். நாகூரிலிருந்து வந்த பாட்டனாரின் பெயர்தான் அவருக்கும்.