நடந்தே வந்த அருளானந்தர்



தை மாதம் பிறந்தால் நம் திண்டுக்கல் சாலைகளில் பழநி பாதயாத்திரை பக்தர்கள் சாரை சாரையாக நடந்து போகிறார்கள். ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு. கால் கொப்பளித்துத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புனித அருளானந்தரின் நினைவு வரும். இவர்களுக்கு நடை ஒரு வார நேர்த்திக்கடன். அவருக்கோ அதுவே அன்றாட வாழ்வு.

ஜான் டி பிரிட்டோ 1647 மார்ச் 1ஆம் நாள் லிஸ்பன் நகரில், அரண்மனையோடு நெருக்கமான குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் இளவரசர் பெத்ருவுக்குத் தோழர். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1673இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மகனைப் பிரிய மனமில்லாத தாய், பயணத்தைத் தடுக்க இயன்றவரை முயன்றார். அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று கப்பலேறியவர்களில் எத்தனை பேர் கரை சேர்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் வரவேண்டும். பருவக்காற்றைப் பிடிக்க மார்ச், ஏப்ரலில் புறப்பட்டால், எல்லாம் நலமாக நடந்தால் செப்டம்பரில் கோவா. காற்று நின்றால் கப்பலும் நின்றுவிடும். குடிதண்ணீர் கெட்டுப்போகும், காய்ச்சல் பரவும். அந்தப் பயணத்திலும் நோய் வந்தது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த அருளானந்தரும் நோயில் விழுந்து பிழைத்தார்.

அடுத்த ஆண்டு கோவாவிலிருந்து தெற்கே கேரளத்து அம்பழக்காடு வந்து, அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து தமிழகம் வந்தார். 1606இல் தத்துவ போதகர் தொடங்கிய மதுரை மறைப்பணித்தளம் மறவர் நாடு, தஞ்சை, செஞ்சி என்று பரந்து கிடந்தது. எல்லாச் சாதியினரோடும் பழக இடம் தந்த பண்டாரசாமி கோலத்தை அவர் தேர்ந்தார். காவி அங்கி, தலைப்பாகை, கையில் கோல், சைவ உணவு. பெரும்பாலும் நடையேதான். அரசுகள் மாறிக்கொண்டிருந்த காலம். 1677இல் சிவாஜியின் படை செஞ்சிவரை வந்தது. படை போகும் பாதையில் தனியாக நடப்பவனுக்கு என்ன பாதுகாப்பு? ஆனால் பல்லக்கில் போயிருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து பேசும் மக்களின் தமிழ் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது என் ஐயம்.

1686இல் மறவர் நாட்டில் வேதியர்களோடு பிடிபட்டுக் கொடிய வதைகளை அனுபவித்தார். இனி இந்நாட்டில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். சபைத் தலைவர்கள் அவரை மறைப்பணியின் பிரதிநிதியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் அதே கடல். 1687இல் லிஸ்பன் சேர்ந்தார்.

இங்கேதான் நான் சற்று நின்று யோசிப்பதுண்டு. பழைய தோழர் பெத்ரு இப்போது அரசர். தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அரண்மனையிலேயே இருந்துவிடும்படி கேட்கிறார். சொந்த ஊர், சொந்த மொழி, செய்வதற்கு நல்லதொரு பணியும்கூட. ஒப்புக்கொண்டிருந்தால் யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ லிஸ்பனிலும் இறைச்சி தொடாமல், தரையில் படுத்து, தமிழ்நாட்டுத் துறவியாகவே வாழ்ந்தார். முதல் பயணத்தில் வழி தெரியாத இளைஞர் அவர். 1690இல் மீண்டும் கப்பலேறியபோது கடலும் தெரியும், மறவர் நாட்டுச் சிறையும் தெரியும்.

அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலை சேதுபதியின் உறவினர். 1693 ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைதானார். இராமநாதபுரத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து ஓரியூருக்குக் காவலர் சூழ இன்னொரு பயணம். பிப்ரவரி 4ஆம் நாள் அங்கே தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இன்று காலையில் திண்டுக்கல்லில் வண்டி ஏறினால் அன்றைக்கே ஓரியூரில் செபித்துத் திரும்பிவிடலாம். ஒருமுறை எங்களோடு வந்த பாட்டி ஒருவர், கோயில் கோபுரம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மீதித் தூரத்தைச் செம்மண்ணில் நடந்தே வந்தார்.