பிக்மி நம்பருக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா!

குற்றாலச் சாரலில் மூலிகைக் கடைகளைப் பார்த்திருப்பீங்க. வேர், பட்டை, இலைன்னு பக்குவம் தெரிஞ்ச பாட்டிகளும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிகளும் ஊருக்கு ஊர் இருந்தாங்க. ஐரோப்பாவின் பழைய கெல்டிக், ஜெர்மானியக் குடிகளிலும் இப்படிப் பெண்கள் வைத்தியம் பார்த்திருக்காங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க பெயரே நமக்குத் தெரியாது.

ஆனா, ஒரு பெண் மருத்துவரின் பெயரை இன்னைக்கும் தென்காசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். பிக்மி நம்பர் வாங்கும் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கு. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886 ஜூலை 30, புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோக, வீட்டிலிருந்தே படித்து மெட்ரிக் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பு கிளம்பியபோதும், மன்னர் அனுமதி கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர்! 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார், தன்னைச் சமமாக நடத்தணும் என்ற நிபந்தனையோடு.

பிறகு வந்தது பேரிடி. தங்கைக்குப் புற்றுநோய். சாதாரண வயிற்றுக் கோளாறுன்னு நினைச்சதில் காலம் கடந்துபோச்சு. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியல. அந்த வலியை அவர் மறக்கவே இல்லை. 1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனபோது, புற்றுநோய் சிகிச்சையையும் கவனித்துப் படித்தார்.

இதற்கிடையே 1927-ல் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்து, துணைத் தலைவரும் ஆனார். தன் அம்மா வந்த மரபின் பெண்களுக்காகவே தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். சட்டம் வர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய இல்லத்தின் பெயர் அவ்வை இல்லம்.

புற்றுநோய்க்குன்னு தனி மருத்துவமனை எதுக்குன்னு கேட்டவங்க உண்டு. அவர் அசரல. வீடு வீடா நிதி திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார். அப்போ அவருக்கு வயசு 67. தங்கை போய் முப்பது வருஷம் கடந்திருந்தது.

1968 ஜூலை 22-ல் மறைந்தார், 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு. அடுத்தமுறை உங்க அக்காவோ அண்ணியோ செக்கப் போகும்போது கூடப் போறீங்களா? அந்தத் திட்டத்துக்கு ஏன் இந்தப் பெயர்னு அவங்களுக்குச் சொல்லுங்க. அப்படியே, வீட்டில் யாராவது வயிற்றுவலி, கட்டின்னு சொன்னா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க!